வியாபாரிகள் சங்கத்து மகஜர் யாருட கையில போகணும்: மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து ஒரு விளக்கம்

எங்கட பக்கம் புதுசா ஒரு எம்பி வந்தாலும் சரி, கச்சேரியில (மாவட்டச் செயலகத்துல) மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு ஒரு அமைச்சர் வந்தாலும் சரி, வர்த்தக சங்கத்துக்காரங்க ஒரு மகஜரோட (கோரிக்கைக் கடிதத்தோட) நிப்பாங்க. போட்டோ எடுப்பாங்க, பேப்பர்ல வரும், மறுகா ஒரு சத்தமும் இல்ல. வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் எந்தச் சங்கத்துட மகஜரை எடுத்துப் பார்த்தாலும் உள்ளுக்கு கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: வரியைக் குறைங்க, லோன் வட்டியைக் குறைங்க, நெல்லுக்கு விலை குடுங்க, கோச்சியை (ரெயிலை) கல்முனைக்குக் கொண்டு வாங்க, ஒலுவில் துறைமுகத்தைத் திறங்க, வடிகானைக் கட்டுங்க. கேக்கிறதெல்லாம் நியாயமான விஷயம், அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, ஆனா ஆறு விஷயத்துக்கும் ஆறு வேற வேற கதவு இருக்கு, நாங்க எல்லாத்தையும் ஒரே ஆளுட கையில குடுத்துட்டு வந்துடுறம். எந்தக் கதவு எதுக்கு, அதுல எது பூட்டிக் கிடக்கு எண்டு தெரியாம மகஜர் எழுதினா அடுத்த வருஷமும் அதே மகஜரைத்தான் தேதி மாத்திக் குடுக்கணும்.

முதல்ல அதிகாரம் எங்க இருக்கு எண்டு பார்ப்பம். அரசியலமைப்புக்கு 1987ல வந்த 13வது திருத்தம் அதிகாரத்தை மூண்டு நிரலாப் (பட்டியலாப்) பிரிச்சுது. மாகாண சபைக்கு உரியது ஒண்டு, மத்திய அரசுக்கு ஒதுக்கினது ஒண்டு, ரெண்டு பேருக்கும் பொதுவானது ஒண்டு. விவசாயம், கால்நடை, கூட்டுறவு, உள்ளூராட்சி, மாகாணத்து ரோட்டு, மாகாணத்துக்குள்ள உள்ள நீர்ப்பாசனம் எல்லாம் பெரும்பாலும் மாகாணப் பக்கம். துறைமுகம், ரெயில், பேங்க், ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் கொழும்பு. உல்லாசப் பயணத்துறை பொது நிரல்ல. ஆக ஒரு சின்ன மில்லுக்காரனுக்கோ பால் பண்ணைக்காரனுக்கோ நாளாந்தம் தேவைப்படுற முடிவு பாதிக்கு மேல மாகாணத்துட்டதான் இருக்கணும். அந்த இடத்துலதான் இப்ப யாரும் இல்ல.

கிழக்கு மாகாண சபைக்கு தேர்தல் நடந்தது ரெண்டே ரெண்டு தரம், 2008ல ஒண்டு, 2012ல ஒண்டு. வடக்கையும் கிழக்கையும் பிரிச்ச பிறகு 37 பேர் கொண்ட சபை அது. 2017 செப்டம்பர் 30ல காலம் முடிஞ்சுது, அதோட சரி. அதே மாதம்தான் பாராளுமன்றத்துல மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாத்தி, தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டு வந்தாங்க, அதுக்கு எல்லை பிரிக்கணும், பிரிச்சு அறிக்கையும் வந்துது, 2018 ஆகஸ்ட்ல அந்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தப்ப அதை ஆதரிச்சு ஒரு ஓட்டுக்கூட விழல்ல. புது முறைக்கு எல்லை இல்ல, பழைய முறைக்கு சட்டம் இல்ல, அப்படியே நிண்டு போச்சு. கிழக்கு மட்டும் இல்ல, மத்த மாகாணங்களும் ஒவ்வொண்டா இதே கதைக்கு வந்துது.

அதுக்குப் பிறகு திருகோணமலையில கவர்னர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், திணைக்களம் எல்லாம் இயங்குது, சம்பளம் போகுது. ஆனா நியதிச் சட்டம் (மாகாணத்துக்கான சட்டம்) இயற்ற சபை இல்ல, மாகாண பட்ஜெட்டை எழும்பி நிண்டு கேள்வி கேக்க எங்கட ஊர் உறுப்பினர் ஒருத்தர் இல்ல. பொத்துவில்ல ஒரு ஆள் மாகாணத் திணைக்களத்துல ஒரு காரியம் பார்க்கணும் எண்டா அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு, வாழைச்சேனை எல்லாம் தாண்டி திருகோணமலை போகணும், போயும் அவர் சந்திக்கிறது ஒரு அதிகாரியை, அந்த அதிகாரி ஓட்டுக் கேட்டு பொத்துவிலுக்கு வரப் போறதில்ல.

காசு விஷயமும் இதோட சேர்ந்து கிடக்கு. முந்தி மாகாண சபைகள் வியாபாரப் புரள்வு வரி எண்டு ஒண்டு தாங்களே எடுத்தாங்க. அதை 2011ல இருந்து நிப்பாட்டிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில மூண்டுல ஒரு பங்கு மாகாணங்களுக்கு எண்டு சொன்னாங்க. 2019 டிசம்பர்ல அந்த வரியையே எடுத்தாச்சு. இப்ப மாகாணத்துக்கு சொந்தமா வாறது வாகன வரிப்பத்திரம், முத்திரைத் தீர்வை, கோர்ட் தண்டப்பணம் மாதிரி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கொழும்பு பார்த்துக் குடுக்கிறது. அதனால மாகாண சபைத் தேர்தல் வந்தாலே எல்லாம் சரியாகும் எண்டு நான் சொல்ல மாட்டன், காசு இல்லாத சபை வெறும் கட்டடம்தான். ஆனா சபையே இல்லாட்டி காசு கேக்கவும் ஆள் இல்ல. இதை அரசியல்வாதிகளுட விஷயம் எண்டு வியாபாரிகள் ஒதுங்கி நிக்கிறதுதான் எனக்கு ஏலாம இருக்கு. தேர்தலுக்கு வேண்டியது பழைய விகிதாசார முறைக்குத் திரும்புற ஒரு சின்னத் திருத்தம், அதை நிறைவேத்துற கை எங்கட எம்பிமாருக்கும் இருக்கு. மட்டக்களப்புக்கு 5, திகாமடுல்லைக்கு (அம்பாறைட தேர்தல் மாவட்டப் பேர்) 7, மொத்தம் 12 பேர். மகஜர்ல முதல் வரி இதுவா இருக்கணும் எண்டதுதான் என்ட நிலைப்பாடு, வரியும் வட்டியும் அதுக்குப் பிறகு.

கல்முனைக்காரங்களுட நிலைமை இன்னும் மோசம். 2025 மே 6ல நாடு முழுக்க உள்ளூராட்சித் தேர்தல் நடந்துது, கல்முனை மாநகர சபைக்கு மட்டும் எல்லை பற்றின வழக்கு காரணமா நடக்கல்ல. முந்தின சபைட காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, கிழக்குல பெரிய வியாபார நகரங்கள்ல ஒண்டு, சுனாமியில அடிபட்டு திரும்ப எழும்பின நகரம், அங்க கடை வச்சிருக்கிற ஒருத்தர் வருஷா வருஷம் வியாபார லைசனுக்குக் காசு கட்டுறார், வரிப்பணம் கட்டுறார், கடைக்கு முன்னால வடிகான் நிரம்பி மழைக்கு தண்ணி உள்ள வருது, அவர் போய் ஆருக்கிட்ட சொல்றது? வட்டாரத்துக்கு உறுப்பினர் இல்ல, மாகாணத்துக்கு உறுப்பினர் இல்ல, மிச்சம் இருக்கிறது எம்பி ஒருத்தர், அவருட வேலை சட்டம் இயற்றுறது, வடிகான் துப்புரவாக்கிறது இல்ல. ஆனா மகஜர்ல வடிகான் வந்து நிக்குது, ஏனெண்டா வேற வழி இல்ல. எம்பிமாரும் தங்களுக்கு ஒதுக்கின பன்முகப்படுத்தின நிதியில கொஞ்சம் ஒதுக்கிக் குடுத்துட்டு வேலை முடிஞ்சுது எண்டு போயிடுறாங்க. எல்லைப் பிரச்சினையில யாருக்கு என்ன நியாயம் எண்டு இங்க நான் பேச வரல்ல. கோர்ட்டுல இருக்கிற வழக்கைச் சீக்கிரம் முடிவுக்குக் கொண்டு வர, இல்லாட்டி சமரசத்துக்கு வர, அந்த நகரத்து தமிழ் வியாபாரியும் முஸ்லிம் வியாபாரியும் சேர்ந்து ஒரே கடிதத்துல கையெழுத்து வச்சா அதுக்கு ஒரு கனம் இருக்கும், அவ்வளவுதான்.

இனி நெல்லு. இதுதான் எங்கட ரெண்டு மாவட்டத்துக்கும் உயிர், இதைக் கொஞ்சம் நிண்டு பார்க்கணும்.

கல்லோயாத் திட்டம் 1949ல தொடங்கி சேனநாயக்க சமுத்திரம் கட்டின காலத்துல இருந்து அம்பாறை நாட்டுக்கே சோறு போடுற மாவட்டங்கள்ல ஒண்டு. மட்டக்களப்புல படுவான்கரை வட்டைகள் (வயல்வெளிகள்), உன்னிச்சை, உறுகாமம், நவகிரி தண்ணி பாயுற பூமி எல்லாம் இதே கதைதான். பெரும்போக (மாரிகால) அறுவடை எங்கட பக்கம் ஜனவரி கடைசியில இருந்தே தொடங்கிடும். அந்த நேரம் ரோட்டோரமாப் போனா தார் ரோட்டுல ஒரு பக்கம் முழுக்க நெல்லுக் காயப் போட்டிருப்பாங்க, ஏனெண்டா காயப்போட களம் இல்ல. வியாபாரியுட லொறி வந்து நிக்கும். அவர் ஒரு கை நெல்லை அள்ளி ஒண்டு ரெண்டு மணியைப் பல்லுல கடிச்சுப் பார்ப்பார், "என்ன தம்பி, ஈரம் கூடக் கிடக்கே" எண்டுவார், "வெயில் எங்க காக்கா, மழை விட்டாத்தானே" எண்டு விவசாயித் தம்பி சொல்லுவான், மறுகா மூடைக்கு இவ்வளவு கழிவு எண்டு பேசி, தராசுல ஏத்தி, சாக்கு நிறையும் கழிச்சு, காசு கையில வரக்குள்ள உழவு மெஷின் கூலிக்கும் பசளைக் கடைக் கடனுக்கும் வெட்டு மெஷின் காரனுக்கும் அதுல பாதி போயிடும். ரெண்டு நாள் பொறுத்து வித்தா விலை கூடலாம் எண்டு தம்பிக்கும் தெரியும், ஆனா வைக்க இடமும் இல்ல, கடன்காரன் பொறுக்கவும் மாட்டான்.

இதுல அரசாங்கத்துட பங்கு என்ன? நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு வாங்குது, ஆனா ஈரப்பதம் 14 வீதத்துக்குள்ள இருக்கணும். ரோட்டுல காயப்போடுறவனுக்கு மழை நாளையில அது லேசில்ல. விலை அறிவிக்கிற நேரம் அதை விடப் பெரிய பிரச்சினை. 2025ல நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 எண்டு அறிவிச்சது பெப்ரவரி முதல் வாரத்துல. அப்ப அம்பாறையில வெட்டு தொடங்கி ஓடிட்டு இருக்கு, முதல்ல வெட்டினவன் வந்த விலைக்கு வித்துட்டு நிக்கிறான். நாட்டுலயே முந்தி அறுவடை வாற இடங்கள்ல எங்கட இடமும் ஒண்டு, அதனால தாமதத்துட அடி முதல்ல எங்களுக்குத்தான் விழுது.

இப்ப ஒரு கணக்குப் பாருங்க. ஒரு கிலோ நெல்லுல சுமாரா 650 கிராம் அரிசி வரும். ஒரு கிலோ அரிசிக்கு கிட்டத்தட்ட ஒண்டரைக் கிலோ நெல்லு வேணும், 120 ரூபாப்படி பார்த்தா 185 ரூபா நெல்லுக் காசு. 2024 டிசம்பர்ல நுகர்வோர் அதிகார சபை நாட்டரிசிக்கு வச்ச உச்ச சில்லறை விலை 230 ரூபா. இடையில உள்ள 45 ரூபாயும், தவிடு வித்து வாற காசும், மில்லுல வேலை செய்யிற ஆளுட சம்பளமும், லொறிக் கூலியும் பெரும்பாலும் மில்லு எங்க இருக்கோ அந்த ஊருக்குத்தான் போகும். எங்கட நெல்லுல பெரிய பங்கு நெல்லாவே லொறி ஏறி பொலன்னறுவைக்குப் போகுது, அரிசியாத் திரும்பி எங்கட கடைக்கே வருது. இங்க மில்லு இல்லாம இல்ல, சின்னச் சின்ன மில்லு நிறையக் கிடக்கு, ஆனா அறுவடை நேரத்துல ஒரே மூச்சா நெல்லு வாங்கி அடுக்க அவங்களுக்கு காசு இல்ல, காய வைக்கிற மெஷின் இல்ல, கலர் பிரிக்கிற மெஷின் இல்ல, வருஷத்துல பாதி நாள் மில்லு பூட்டு.

அதனால சங்கத்து மகஜர்ல "நெல்லுக்கு நியாய விலை" எண்டு ஒரு வரி போட்டா போதாது. விலையை வெட்டுக்கு முன்னமே அறிவிக்கச் சொல்லணும். அறுவடை மாதத்துக்கு மட்டும் சின்ன மில்லுக்காரனுக்கு நெல்லையே பிணையா வச்சு குறைஞ்ச வட்டியில லோன் குடுக்கச் சொல்லணும். உலர்த்துற மெஷினும் களஞ்சியமும் கூட்டுறவுச் சங்கம் மூலமா ஊரூருக்கு வைக்கச் சொல்லணும். முதல் ரெண்டும் கொழும்பு செய்ய வேண்டியது, கடைசி மாகாணம் செய்யக் கூடியது, கூட்டுறவு அவங்கட விஷயம்தானே. 2021ல ரசாயனப் பசளையை ஒரே நாளுல தடை பண்ணி எங்கட வட்டைகளை மஞ்சளாக்கின முடிவு எடுக்கக்குள்ள ஒரு மாகாண விவசாய அமைச்சர் இருந்து எதிர்த்துக் கதைச்சிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நான் இப்பவும் யோசிக்கிறன்.

பாலும் இதே மாதிரி ஒரு இடத்துல சிக்கிக் கிடக்கு. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பிரச்சினையை எல்லாரும் இனப் பிரச்சினையா மட்டும்தான் பார்க்கிறாங்க, அது உண்மையும்தான், ஆனா அதுக்குள்ள ஒரு முழுத் தொழில் கிடக்கு. வயல் விதைச்சாச்சு எண்டா மாடுகளை ஊருக்குள்ள வைக்க ஏலாது, மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சுக் கொண்டு போகணும், அந்தத் தரையில வேற ஆக்கள் பயிர் செய்யத் தொடங்கினா மாடு சாகுது, பால் குறையுது, பால் சேகரிக்கிற இடத்துல இருந்து தயிர்ச்சட்டி விக்கிற கடை வரைக்கும் அடி விழுது. 2023 செப்டம்பர்ல சித்தாண்டியில பண்ணையாளர்கள் ரோட்டோரமா இருந்து போராட்டம் தொடங்கினாங்க. கால்நடை மாகாணத்து விஷயம், ஆனா அந்த நிலம் மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்துட பி வலயத்துக்குள்ள, மகாவலி அதிகார சபை கொழும்புக்குக் கீழ. மாகாணத்துட்ட மாடு இருக்கு, கொழும்புட்ட புல்லு இருக்கு. மேய்ச்சல் தரையை அளந்து எல்லை போட்டு வர்த்தமானியில (அரசாங்க கெசட்ல) அறிவிக்கிறதுதான் தீர்வு, இதை வர்த்தக சங்கங்களும் தங்கட கோரிக்கையாச் சேர்த்துச் சொல்லணும், பண்ணைக்காரங்களைத் தனிய விடக் கூடாது.

வரியும் வட்டியும் பற்றி எல்லாருக்கும் தெரியும் எண்டதால சுருக்கமாச் சொல்றன். வற் வரி (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரியில 15ல இருந்து 18 வீதம் ஆச்சு, அதோட பெற்றோல், டீசல், கேஸ் எல்லாத்துக்கும் அது வந்துது, பதிவு செய்ய வேண்டிய விற்பனை எல்லையையும் வருஷத்துக்கு 80 மில்லியன்ல இருந்து 60 மில்லியனாக் குறைச்சாங்க. கொழும்புல இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல சாமான் ஏத்தி வாற எங்களுக்கு டீசல்ல வாற வரி சோப்புல, சீனியில, சீமெந்துல எல்லாம் ஏறி நிக்கும். பதிவு இல்லாத சின்னக் கடைக்காரன் வாங்கக்குள்ள கட்டின வரியைத் திரும்ப எடுக்கவும் ஏலாது. ஆனா சர்வதேச நாணய நிதியத்தோட (ஐஎம்எஃப்) செய்த ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் வரியைக் குறைங்க எண்டு கேட்டா கிடைக்கிறது கஷ்டம். கணக்கு வைக்கிறது, ரிட்டர்ன் போடுறது எல்லாத்தையும் தமிழ்ல லேசாச் செய்ய வழி பண்ணுங்க, மட்டக்களப்புலயும் கல்முனையிலயும் அதுக்கு உதவுற ஆக்களைப் போடுங்க எண்டு கேட்டா அது நடக்கக் கூடிய விஷயம்.

லோன் கதை வேற மாதிரி. 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியா 7 வீதம் ஏத்திச்சு, பேங்க் வட்டி 20 வீதத்தைத் தாண்டிப் போச்சு, அந்த நேரம் லோன் எடுத்து வச்சிருந்தவன் சாமான் இல்லாம, கரண்ட் இல்லாம, டீசல் வரிசையில நிண்டவன், அவனுட பேர் கிரிப்ல (பேங்க்குகள் பார்க்கிற கடன் தகவல் பதிவுல) விழுந்தா விழுந்ததுதான். 1990ம் ஆண்டு 4ம் இலக்கச் சட்டப்படி பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே ஈடு வச்ச சொத்தை ஏலம் போடலாம், பராட்டே எண்டு சொல்றது இதைத்தான். 2024ல அதைத் தற்காலிகமா நிப்பாட்டினாங்க, மறுகா 2025 மார்ச் வரை நீட்டினாங்க. நிப்பாட்டி நிப்பாட்டி நீட்டுறது தீர்வு இல்ல. சின்ன லோனுக்கு ஏலத்துக்கு முன்னால ஒரு மத்தியஸ்தம் கட்டாயம் எண்டு சட்டத்துலயே எழுதணும், இது முழுக்க முழுக்க பாராளுமன்றத்து வேலை, எம்பிமாருட்ட கேக்கிறதுக்கு இதை விடப் பொருத்தமான விஷயம் இல்ல.

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி எழுதினா மனம் எரியும். டென்மார்க் கடன்ல கட்டி 2013 செப்டம்பர்ல திறந்தாங்க, வாய்க்குள்ள மண் மூடிச்சு, வியாபாரக் கப்பல் வந்து போற துறைமுகமா அது மாறவே இல்ல, வடக்குப் பக்கம் கடல் கரையை அரிச்சு ஒலுவில், நிந்தவூர் தென்னந்தோட்டங்களைக் கொண்டு போச்சு. "துறைமுகத்தைத் திறங்க" எண்டு கேக்கிறதுக்கு முந்தி, மண் தள்ளுற செலவு வருஷா வருஷம் ஆர் குடுக்கிறது, கரை அரிப்பை என்ன செய்யிறது எண்டு ஒரு ஆய்வு அறிக்கையை வெளியில போடச் சொல்லிக் கேக்கணும். கோச்சி மட்டக்களப்போட நிக்குது, அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்கு தண்டவாளமே இல்ல, அதையும் கேக்கத்தான் வேணும், ஆனா அது பெரிய காசு, நாளைக்கு நடக்காது. ரோட்டு அப்படி இல்ல. 2024 நவம்பர் வெள்ளத்துல மாவடிப்பள்ளியில உழவு மெஷின்ல வந்த மதரசாப் பிள்ளைகளைத் தண்ணி அடிச்சுக் கொண்டு போச்சு. அந்த ரோட்டாலதான் கரையோரத்துக்கும் அம்பாறை டவுனுக்கும் இடையில சாமானும் சனமும் போகுது. வெள்ளம் பாயுற இடங்கள்ல ரோட்டை உயர்த்தி பாலம் போடுறதை வியாபார வசதி எண்டு கூடச் சொல்லத் தேவையில்ல, உயிர்க் காரியம் அது.

உல்லாசத்துறையில அறுகம்பைக்கு ஏப்ரல்ல இருந்து ஒக்டோபர் வரை சீசன், பாசிக்குடாவுக்கும் கிட்டத்தட்ட அதே மாதங்கள்தான். 2024 ஒக்டோபர்ல அமெரிக்கத் தூதரகம் ஒரு எச்சரிக்கை விட்ட உடன அறுகம்பையில ரூம் காலியானதை அங்க உள்ளவங்க மறக்க மாட்டாங்க. பெரிய ஹோட்டல் தாங்கும், ரெண்டு ரூம் வாடகைக்கு விடுற குடும்பமும் ஆட்டோக்காரரும் தாங்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம், இதை எந்த மகஜர்லயும் நான் கண்டதில்ல. 2018 பெப்ரவரியில அம்பாறை டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடையில கருத்தடை மாத்திரை போடுறாங்க எண்ட வதந்தியில கடைகளும் பள்ளிவாசலும் அடிபட்டுது, பரிசோதிச்சுப் பார்த்தா அது மாவுக் கட்டி. 2019 ஏப்ரல் 21ல மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்சு பிள்ளைகள் செத்துது, அதுக்குப் பிறகு கன காலம் ஒரு சமூகத்துட கடைக்கு மத்தச் சமூகம் போகாம இருந்துது. படுவான்கரை விவசாயியும் காத்தான்குடி மொத்த வியாபாரியும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாட்டி ரெண்டு பேருக்கும் பிழைப்பு இல்ல. கடை எரிஞ்சா நட்டஈடு எத்தனை மாதத்துல வரணும், வதந்தி பரவின உடன பிரதேச செயலகமும் பொலிசும் எத்தனை மணித்தியாலத்துல உண்மையை அறிவிக்கணும் எண்டு எழுதின ஒரு நடைமுறை வேணும். தமிழ், முஸ்லிம், சிங்கள வர்த்தக சங்கங்கள் தனித்தனியாக் குடுக்கிற மூண்டு மகஜரை விட மூண்டு பேரும் கையெழுத்து வச்ச இந்த ஒரு பக்கத்துக்குப் பலம் கூட.

கடைசியா நேரம். பட்ஜெட் வழமையா நவம்பர்ல வரும், வரி, லோன் பற்றின யோசனை ஆகஸ்ட், செப்டம்பருக்குள்ள திறைசேரிக்குப் போகாட்டி அந்த வருஷம் அது போச்சு, டிசம்பர்ல அமைச்சரைக் கண்டு மாலை போட்டுப் பிரயோசனம் இல்ல. நெல்லு விலைக்கு அதை விட முந்தணும். பெரும்போகம் தொடங்க முந்தி தண்ணி திறக்கிற தேதியும் விதைப்புத் தேதியும் தீர்மானிக்க பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் வைப்பாங்க, விவசாயிகள், வட்டைக்குப் பொறுப்பான வட்டைவிதானைமார், நீர்ப்பாசன அதிகாரிகள் எல்லாரும் வருவாங்க. மில்லுக்காரங்களும் நெல்லு வியாபாரிகளும் அந்தக் கூட்டத்துக்குப் போய், விதைக்கிற தேதியைத் தீர்மானிக்கிற அதே நாளுல வாங்குற விலையை எப்ப அறிவிக்கிறது எண்டதையும் கூட்டக் குறிப்புல எழுத வைக்கணும். குறிப்புல ஏறின விஷயத்தை அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துல எம்பி எடுத்துக் கேக்கலாம், கேக்காட்டி நாங்க எம்பியைக் கேக்கலாம்.